ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிச் சண்டை

ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எனக்கு 34 வயது. மனைவி, இரண்டு பிள்ளைகள். தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், சபையில் பொறுப்பும் இருக்கிறது. வெளியே எல்லோரும் நல்ல மனுஷன் என்கிறார்கள். வீட்டில் மட்டும் நாக்கு அடங்குவதில்லை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பும்போதுதான் பெரிய சண்டையே வருகிறது. கத்தி முடித்ததும் மனசு உறுத்துகிறது, அடுத்த வாரமும் அதையேதான் செய்கிறேன். கிறிஸ்துவுக்குள் இருப்பவன் புதுச்சிருஷ்டி என்று வேதம் சொல்கிறது. எனக்குள் எதுவும் புதிதாகவில்லையே? விசுவாசம் ஒருவனை அன்றாட வாழ்க்கையில் உண்மையாகவே மாற்றுமா, மாற்றினால் எப்படி?"

தம்பி, படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள், எங்கள் வீட்டுக் கதையை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் ஆலயத்தில் முதல் மணி அடிக்கும்போது வீட்டில் சண்டை தொடங்கும். இரண்டாம் மணிக்கு உச்சத்தில் இருக்கும். மூன்றாம் மணிக்கு நாங்கள் எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேதபுத்தகமும் பாமாலையும் கையுமாக, தெருவில் வரிசையாக நடந்து போவோம். எதிரே வருகிறவர்கள் "ஸ்தோத்திரம்" என்பார்கள். நானும் மலர்ந்த முகத்தோடு "ஸ்தோத்திரம்" என்பேன். பின்னால் வரும் என் மனைவி எந்த முகத்தோடு வந்தாள் என்று பல வருஷம் நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

நான் போதகர் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுநாள் பள்ளியில் 30 வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்திருக்கிறேன். முன்கோபக்காரன். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் புதுச்சிருஷ்டி வசனம். அது பவுல் அப்போஸ்தலர் எழுதிய இரண்டாம் கொரிந்தியர் நிருபத்தில் 5:17: "ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின." காலண்டரில் போடுவார்கள், கன்வென்ஷன் பந்தலில் துணியில் எழுதித் தொங்கவிடுவார்கள். ஆனால் அதே நிருபத்தில் ஒரு பக்கம் முன்னால் புரட்டுங்கள். 4:16இல் அதே பவுல் "உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது" என்கிறார். ஒரு வசனத்தில் எல்லாம் புதிதாகிவிட்டது, இன்னொன்றில் இன்னும் புதிதாகிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே ஆள், ஒரே கடிதத்தில். பிள்ளை பிறந்த அன்றே அது நம் வீட்டுப் பிள்ளைதான். அதில் சந்தேகம் கிடையாது. அதற்காக மறுநாளே நடந்துவிடுமா என்ன? நாம் முதல் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, இரண்டாவது வசனம் நம் வீட்டில் நடக்கும்போது "எனக்குள் ஏதோ பழுது" என்று பயந்துபோகிறோம்.

வேதத்தில் வருகிறவர்களையே பாருங்கள். யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசு வைத்த பெயர் பொவனெர்கேஸ், அதாவது இடிமுழக்க மக்கள். தங்களை ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று கேட்டவர்கள் அவர்கள். பேதுரு இயேசுவோடு நடந்து, அவர் பேசியதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டும், கடைசி இரவில் பட்டயத்தை உருவி மல்குஸ் என்பவனின் காதை வெட்டினார். பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகாவது சரியாகிவிட்டாரா? அந்தியோகியாவில் ஆட்களுக்குப் பயந்து புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். பவுல் முகத்துக்கு முன்னாலேயே கண்டித்தார். அப்படிக் கண்டித்த பவுலும் சாதாரண ஆள் இல்லை. மாற்கு என்ற இளைஞனை ஊழியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பர்னபாவோடு கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தார். பல வருஷம் கழித்து, சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று வேதம் ஒரு வரிகூட எழுதவில்லை. நம்முடைய வளர்ச்சியும் அப்படி யாரும் எழுதாத இடத்தில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து, நீங்கள் சொன்ன அந்த உறுத்தல். அதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்வியிலேயே நம்பிக்கை தந்த இடம் அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் என்று ஒருவர் இருந்தார். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர்; அப்பா அம்மா இருவரும் அங்கே மிஷனரிகள். இங்கிலாந்தில் அறுவைசிகிச்சை படித்துவிட்டு 1940-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அந்த நோயாலேயே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. அங்கிருந்த நோயாளிப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். இவ்வளவு பலமா என்று அவன் கையைப் பார்த்தால், சாவி விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது. பையனுக்கு அது தெரியவே இல்லை. அவனுக்கு வலி இல்லை. நோயாளிகள் சிலருக்கு ராத்திரி தூங்கி எழுந்தால் விரல் குறைந்திருக்கும். கண்விழித்துப் பார்த்தபோதுதான் எலி கடித்துக்கொண்டு போகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்களாம். வலிதான் கடவுள் உடம்புக்குக் கொடுத்த பெரிய காவல் என்று பிராண்ட் தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கத்தி முடித்ததும் உங்களுக்கு வலிக்கிறது. நரம்பு உயிரோடு இருக்கிறது. எனக்கு ஒரு காலத்தில் அதுகூட இல்லை. நான் கத்துவது வீட்டை ஒழுங்காக நடத்துவதற்காக என்று நம்பிக்கொண்டிருந்தேன். வேத வசனம் வேறு துணைக்கு வைத்திருந்தேன். "பிரம்பைக் கையாடாதவன்" என்று தொடங்கும் வசனம் எந்த அப்பாவுக்குத்தான் தெரியாது? "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியரில் இருப்பது மட்டும் கண்ணில் பட நாளாயிற்று.

ஆனால் வலி தெரிந்தால் மட்டும் புண் ஆறாது. இங்கேதான் நம் சபைகளில் ஒரு பழக்கம் விட்டுப்போய்விட்டது என்பது என் எண்ணம். நாம் நம்முடைய பாவங்களை மொத்தமாக அறிக்கை செய்கிறோம். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை அருமையானதுதான். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டோம், செய்யக்கூடாததைச் செய்தோம் என்று அதில் எல்லாமே அடங்கிவிடுகிறது. எல்லாம் அடங்கிவிடுவதால் எதுவும் தனியாகக் கண்ணில் படுவதில்லை. "ஆண்டவரே, என் பாவங்களை மன்னியும்" என்று சொல்வது சுலபம். "நேற்று காலை 8:10க்கு என் மகளை 'சனியனே' என்று சொன்னேன்" என்று சொல்வது கஷ்டம். நாக்கு வராது.

பழைய ஆட்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேசியஸ் லொயோலா, 1548இல் அச்சான தன் ஆன்மிகப் பயிற்சிக் கையேட்டில் ஒரு முறையை எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள். காலையில் எழுந்ததும் இன்று அதில் விழக்கூடாது என்று தீர்மானம் செய். மத்தியானமும் ராத்திரியும் உட்கார்ந்து, மணி மணியாகப் பின்னோக்கி யோசித்து, எத்தனை தடவை விழுந்தாய் என்று ஒரு கோட்டின்மேல் அத்தனை புள்ளி வை. ஒரு நாளைக்கு இரண்டு கோடு. இன்றைய புள்ளிகளை நேற்றைய புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார், இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார். நடுவில் விழும்போதெல்லாம் நெஞ்சில் கையை வை. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அவ்வளவுதான். பால் கணக்கு எழுதுகிற மாதிரி.

இது கத்தோலிக்கர் காரியம், நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். சரி, நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் இது தமிழுக்குப் புதிது கிடையாது. இக்னேசியஸின் நண்பர் பிரான்சிஸ் சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் வந்த அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டார். இரண்டு வருஷம் கழித்துக் கொச்சியில் அச்சான அவருடைய இன்னொரு தமிழ்ப் புத்தகம் 'கொம்பெசியோனாயரு'. குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் ஒருவன் தன்னைத்தானே எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம். அச்சு இயந்திரம் நம் மொழிக்கு வந்த அந்த முதல் சில வருஷங்களிலேயே, கடலோரத்து ஜனங்களுக்காக அச்சடிக்க வேண்டிய அளவுக்கு அவசியமானதாக அது தோன்றியிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இல்லை?

நான் ஒரு 40 பக்க நோட்டில் இதைச் செய்தேன். முதல் வாரம் புள்ளி வைத்து வைத்து வெட்கமாகப் போய்விட்டது. ஒரு வாத்தியார் தன் நோட்டில் தானே சிவப்பு மையால் திருத்துவதுபோல. மூன்றாவது வாரம்தான் ஒன்று தெரிந்தது: என் கோபத்துக்கு நேரம் இருந்தது. புள்ளிகள் நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை ஒரு கொத்து, சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முதல் அரைமணியில் ஒரு கொத்து. மத்த நேரத்தில் நான் சாதுதான்! அதாவது நான் எப்போதும் கோபக்காரன் இல்லை. அவசரத்திலும் பசியிலும் கோபக்காரன். பசி வரும் என்று தெரிந்த பிறகு, வீட்டுக்குள் நுழையும் முன் டீக்கடையில் ஒரு வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு நுழைய ஆரம்பித்தேன். இதில் ஆவிக்குரியது என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று எலியா புலம்பியபோது, தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கினார். மறுபடியும் எழுப்பி, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்குப் போனதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த நோட்டைப் பற்றிச் சொன்னால் எங்கள் சபையிலேயே ஒருவர் முகம் சுளிப்பார். "இது நியாயப்பிரமாணம் ஐயா, கிருபை எங்கே?" நியாயமான கேள்விதான். புள்ளி குறைந்தால் கடவுளுக்கு நம்மைப் பிடிக்கும், கூடினால் பிடிக்காது என்று நினைத்து எழுதினால் அந்த நோட்டை அடுப்பில் போடுவது நல்லது. பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் "பிரயாசப்படுங்கள்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், "விருப்பத்தையும் செய்கையையும்" நமக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்று சேர்த்துவிடுகிறார். விதைக்கிறவன் ராத்திரி தூங்கிவிடுகிறான், அவனுக்குத் தெரியாமலே பயிர் முளைக்கிறது என்று இயேசு சொன்ன உவமையும் உண்டு. ஆனாலும் அந்த ஆள் விதைக்காமல் தூங்கவில்லையே.

புள்ளி கூடும் நாட்களுக்கு எனக்கு உதவியவர் சகோதரர் லாரன்ஸ். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் கர்மேல் சபை மடமொன்றில் சமையல்காரராக இருந்தவர். படைவீரனாகப் போய்க் காயம்பட்டுக் கால் தாங்கி நடந்தவர். சமையல் வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அந்த அடுப்படியிலேயே வருஷக்கணக்காக நின்று, சட்டி பானைகளுக்கு நடுவில் கடவுளோடு பேசப் பழகிக்கொண்டார். தவறிவிட்டால் அவர் என்ன செய்வாராம்? நீர் என்னை என் போக்கில் விட்டால் நான் இப்படித்தான் செய்வேன், நீர்தான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதையே நினைத்து உழன்றுகொண்டிராமல் அடுத்த வேலையைப் பார்ப்பாராம். நானெல்லாம் ஒருமுறை கத்திவிட்டு, அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன். வீட்டில் இருப்பவர்களுக்கு என் கோபத்தோடு என் மனஸ்தாபமும் சேர்ந்து இரட்டைத் தண்டனை. வருந்துவதிலும் ஒரு தற்பெருமை உண்டு, தம்பி. "நானா இப்படிச் செய்தேன்?" என்ற அதிர்ச்சியில் அந்த 'நானா' ரொம்பப் பெரிதாக இருக்கும்.

இனி கஷ்டமான பகுதி. கடவுளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு நாம் நேரம் எடுத்துக்கொள்கிறோம். நம்மிடம் திட்டு வாங்கியவரிடம் கேட்பதில்லை. மலைப்பிரசங்கத்தில் இயேசு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறார். பலிபீடத்தினிடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைத்துக்கொண்டால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" செலுத்தவேண்டும். கவனியுங்கள், எனக்கு அவன்மேல் குறை என்று இல்லை. அவனுக்கு என்மேல் குறை. கலிலேயாக்காரனுக்கு எருசலேம் தேவாலயம் பல நாள் நடைதூரம். பலியை விட்டுவிட்டு ஊருக்குப் போய்ச் சமாதானமாகித் திரும்பி வா என்றால் லேசான காரியம் இல்லை.

எனக்கும் என் அண்ணனுக்கும் இப்படி ஒன்று இருந்தது. அப்பா காலத்துக்குப் பிறகு தேரிக்காட்டு ஓரத்தில் இருந்த 14 பனையைப் பங்கு வைத்ததில் வந்த பேச்சு. அதில் என் நாக்குதான் முதலில் தாண்டியது. 11 வருஷம் பேசவில்லை. ஒரே ஆலயம், ஒரே நற்கருணை. அவர் வலது பக்கம் முழங்காலிடுவார், நான் இடது பக்கம். ஈஸ்டருக்கு முந்தைய ஒரு பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் ஆராதனைக்கு முன்னால் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். மனம் உருகிக் கட்டிப்பிடித்து அழுதோம் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. "நான் பேசினது தப்பு அண்ணே" என்றேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. மதினி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். "குடிச்சுட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். பனையைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசியதில்லை. அவர் பேரன் ஞானஸ்நானத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. பாதிதான் சரியாயிற்று, அந்தப் பாதியோடு வாழ முடிகிறது.

மன்னிப்பு என்றவுடன் மத்தேயு 18இல் வரும் கடன்காரன் உவமையைச் சொல்வார்கள். அதில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும், வாத்தியார் புத்தி. அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 2 லட்சம் வருஷம் உழைக்கவேண்டும். இது தள்ளுபடியானது. அவனுக்கு உடன் ஊழியக்காரன் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். பிரசங்கத்தில் இதை "அற்பக் காசு" என்பார்கள். அற்பம் இல்லை, நூறு நாள் கூலி. கூலிக்காரன் வீட்டில் மூன்று மாதத்துக்கும் மேலான சாப்பாடு. நமக்கு மற்றவர்கள் செய்த தீங்கு ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன், நிஜமான வலி. அதைத் தெரிந்துகொண்டே விடச் சொல்கிறார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மனைவிக்கு நீங்கள் பட்ட கடனும் நூறு வெள்ளிப்பணம்தான். "வேதமே மன்னிக்கச் சொல்லுதே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கிவச்சிருக்கே?" என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். மன்னிக்கும் கட்டளை அவருக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ளது. அதைக் கையில் எடுத்து வீசும் உரிமை கடன்பட்டவனுக்குக் கிடையாது. இன்னொன்றையும் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: கத்துவதைத் தாண்டி என்றைக்காவது கை ஓங்கியிருந்தால், நான் சொன்ன நோட்டும் புள்ளியும் போதாது. உடனே ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். மனைவியும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பது முதல் காரியம், உங்கள் பெயர் கெடுவது அப்புறம். ஜெபித்தால் சரியாகிவிடும், பொறுத்துக்கொள் என்று அப்படிப்பட்ட வீடுகளில் பெண்களிடம் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பது மனைவியிடம் கேட்பதைவிடக் கடினம், ஏனென்று தெரியவில்லை. அப்பன் இறங்கி வந்தால் பயம் போய்விடும் என்று ஒரு நினைப்பு. எனக்குத் தெரிந்த வழி: அதே நாளில், பொழுது சாய்வதற்குள், "ஆனால்" என்ற வார்த்தை இல்லாமல். "அப்பா கத்தினது தப்பு, ஆனா நீ ஷூவை ஒழுங்கா வச்சிருந்தா..." என்று போனால் அது மன்னிப்புக் கேட்பது ஆகாது, இரண்டாம் பாகச் சண்டை. பொழுது சாய்வதற்குள் என்று நான் சொல்லவில்லை, "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று பவுல் எபேசியருக்கு எழுதியது. அவர் கோபமே வரக்கூடாது என்று சொல்லவில்லை. நேரக்கெடு மட்டும் வைக்கிறார்.

தனியாக இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்லவேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இல் சின்னச் சின்னக் குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, ஒவ்வொருவரும் பதில் சொல்லவேண்டிய கேள்விகள் அதில் உண்டு. போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்தே என்ன பாவம் செய்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நம் வீட்டு ஜெபக் கூட்டங்களில் இப்படிக் கேட்டால் அடுத்த வாரம் ஒருவரும் வரமாட்டார்கள். நாம் ஜெபக்குறிப்பு என்று சொல்வது வேலை, வியாதி, வரன், விசா. அவையும் வேண்டியவைதான். ஆனால் "என் நாக்குக்காக ஜெபியுங்கள்" என்று சொல்ல ஒரே ஒரு ஆள் வேண்டும். எனக்கு அப்படி ஒரு நண்பர், பால் சொசைட்டியில் வேலை பார்த்தவர், சனிக்கிழமை சாயங்காலம் நடக்கப் போகும்போது சாதாரணமாகக் கேட்பார்: "என்ன சார், இந்த வாரம் எத்தனை புள்ளி?" அவருக்குப் பொய் சொல்ல மனசு வராது. சபையில் பெரிய பொறுப்பில் இருப்பவரைத் தேடாதீர்கள். வாய் இறுக்கமான ஆளாகப் பாருங்கள்.

எத்தனை நாளில் மாறும் என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிய, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து இரண்டு தடவை வந்துபோக வேண்டியிருந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. என் மகள் அவள் தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்: "அப்பாகிட்ட கேட்டுப் பாக்கிறேன், இப்பல்லாம் அப்பா பரவாயில்ல." முப்பது வருஷ ஓய்வுநாள் பள்ளி ஊழியத்துக்குச் சபையில் எனக்குச் சால்வை போட்டார்கள், அது பீரோவில் எங்கேயோ இருக்கிறது. அந்தப் "பரவாயில்ல" நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். லெந்து நாட்கள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு நோட்டு எடுங்கள், ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். மனைவியிடம் காட்டவேண்டுமா என்றால், நீங்கள் எழுதிய குறைதான் பெரிய குறையா என்று அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. என் விஷயத்தில் நான் ஒன்று எழுதினேன், அவள் வேறொன்றைச் சொன்னாள், அவள் சொன்னதே சரி. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். துணிகளை நீங்களே தேய்த்து வையுங்கள். இவ்வளவு நாளும் அந்த வேலையை யார் செய்தது, காலையில் யாருக்கு நேரம் போதாமல் போயிற்று என்று அப்போது புரியும். காணிக்கைக் கவரை எடுத்து வேதபுத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். அப்புறம் சின்னவனின் இன்னொரு ஷூ எங்கே கிடக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள்.